கட்டுமலை

இந்த ஊரில் மலை என்பது நாற்பத்தொரு படி.

கொள்ளிடம் இங்கே இரண்டாய்ப் பிணங்கிப் போய்
மூன்று மைல் கழித்து மறுபடி பேசிக்கொள்கிறது.
அந்தப் பிணக்குக்கு நடுவே கிடக்கிறது
குறுமலைத்திட்டு.
கல் கிடையாது. கொழுவில் தட்டுவது
அதிகம் போனால் ஒரு கிளிஞ்சல்.
ஆனாலும் யாரும் சிரிக்காமல்தான் சொல்கிறார்கள்:
மலைக்கு மேற்கே மூணு மா எங்களுது.
"மலை மறைக்குது, டவர் கிடைக்காது"
என்றார் தைரியநாதன்,
ஓடக்கோலை மணலில் ஊன்றியபடி.

என்னை அனுப்பியது உயரம் எழுதிவர.
வெள்ளம் வந்தால் எங்கே, எத்தனை பேர் நிற்கலாம்.
இரண்டு பத்தி, கீழே ஒரு கையெழுத்து.
கருவியின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வேன், பழக்கம்.
அளவுகோலோடு முன்னே போகிறவர் உத்திராபதி.
துறையில் பதினெட்டு வருடம்.
பிறந்தது இதே திட்டில் என்பதை
ஓடத்தில் பாதி வந்தபிறகுதான் சொன்னார்.

மராட்டியர் காலத்துச் சத்திரம்:
தரை ஐந்து புள்ளி ஒன்பது.
உள்ளே ரேஷன் சர்க்கரை, உடைந்த கேரம் பலகை.
மதகுக் கொட்டகை: ஆண்டு பொறித்த கல்லில்
எட்டுகளை மட்டும் குளவி மண்வைத்து அடைத்திருக்கிறது.
சந்தியாகப்பர் கோயிலில் மணி தரையில் இருக்கிறது,
கோபுரம் தாங்காதென்று இறக்கி வைத்தார்களாம்;
குனிந்துதான் அடிக்கிறார்கள்.
பிறகு அந்தச் செங்கல் களஞ்சியம்,
கவிழ்த்த பானைபோல.
வாசல் மூன்று ஆள் உயரத்தில்.
எத்தனை வெள்ளம் வந்தும் நெல் நனைந்ததில்லை.

மலைக்கு வடக்கே குளம்.
கயிற்றில் கல் கட்டி ஆழம் பார்த்தேன்.
கணக்கு ஏறக்குறைய ஒத்துவருகிறது:
குளத்தில் இல்லாத மண் மலையில் இருக்கிறது.
இடையில் நூற்றைம்பது தப்படி.
எத்தனை கூடை, யார் தலை
என்று கல்வெட்டில் இல்லை.
நந்தா விளக்குக்கு நெய் தந்த ஆடுகள் மட்டும் உண்டு,
தொண்ணூற்றாறு.
அவற்றுக்குச் சாவும் மூப்பும் கிடையாதாம்.

படிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம்.
இருபத்துமூன்றில் கோலை நிறுத்தியவர்
அடுத்ததற்கு நகரவில்லை.
"எனக்கு ஆறு வயசு.
தண்ணி இருபத்திரண்டுல நின்னுச்சு.
நாங்க இதுல."

நாங்க என்றால் கீழத்தெரு.
எண்பது பேர், மூன்று ஆடு,
இரண்டாம் இரவில் ஒரு பிரசவம்.
மேலே பதினெட்டுப் படி
நனையாமல் கிடந்திருக்கிறது.

"வடிஞ்சதும் கழுவினாங்க மேடம், எல்லாப் படியையும்."
எதனால் என்றேன், புரியாமல்.
"ஆத்துத் தண்ணியாலதான்" என்றார்.

குமிழி நடுவிலேயே நின்றது.
நோட்டில் நான் ஒன்றும் எழுதவில்லை.
கீழே யாரோ மோட்டார் போட்டார்கள்,
அது இருமி இருமிப் பிடித்தது.

இருபத்துநாலு, என்றேன்.
கோலைத் தூக்கி வைத்தார்.
இருபத்தைந்து.
எண்களை உரக்கப் படிக்கத் தேவையில்லை,
படித்தேன்.
முப்பதுக்குமேல் வெயில் சுட்டது;
செருப்பைக் கழற்றிய கால்களை மாற்றி மாற்றி வைத்து
இருவரும் ஏறினோம்.

நாற்பத்தொன்று: பன்னிரண்டு புள்ளி நாலு.
மேல்தளம் நானூறு பேர் கொள்ளும்,
நெருங்கி நின்றால் ஐந்நூறு.

இங்கிருந்து திட்டு ஒரு மீன்முதுகு.
இரண்டு ஆறும் தெரிகிறது, அவை சேரும் இடத்தில் நுரையும்.
உத்திராபதி அதையெல்லாம் பார்க்கவில்லை.
கையை நெற்றியில் வைத்துக் கீழத்தெருவில் எதையோ தேடினார்.
கைபேசியை எடுத்தார். டவர் நாலு கட்டம்.

"மாடியில தண்ணித்தொட்டி மூடி திறந்து கெடக்கு பாரு.
ஆமா, தெரியுது.
மலைமேலதான் நிக்கிறேன்."